வந்த கல்லும் இருந்த பாறையும்

இந்த மாதிரிக் கட்டுரைகளை ஓய்வு பெற்றவர்கள்தான் எழுதுவார்கள். நான் ஓய்வு பெறவில்லை, டெக்சாஸுக்குப் போகிறேன், அவ்வளவுதான். ஆனால் நான் போகிற ஹூஸ்டனில் மலை கிடையாது. புது வேலையில் பூட்ஸ் போட வேண்டிய தேவையே வராது என்கிறார்கள். ஆகவே மலையில் திரிந்தவனுக்கு இது ஓய்வு மாதிரிதான்.

சான் ஹோசே அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் மூன்று பேரும் என் மேசைக்கு மேலே ஒட்டியிருக்கும் படத்தைப் பற்றி ஆளுக்கொரு தடவை கேட்டுவிட்டீர்கள். ஆற்றின் நடுவே ஒரு பெரிய கல். படத்தில் வேறொன்றும் இல்லை. ஒவ்வொரு முறையும் லஞ்ச் நேரம் முடிந்துபோனது. இப்போது உட்கார்ந்து எழுதிவிடுகிறேன்.

முதலில் என் அம்மா ஃபோனில் கேட்ட ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வேலையில் சேர்ந்த புதிதில் கேட்டாள்.

"அமெரிக்கால போய் நீ என்னதாம்ப்பா பண்ற?"

"யாராவது ஏதாவது கட்றதுக்கு முன்னாடி, கீழ என்ன இருக்குன்னு பாத்துச் சொல்லுவேம்மா."

"பாத்துட்டு?"

"இங்க கட்டலாம், இங்க வேணாம்னு சொல்லுவேன்."

"வேணாம்னு சொன்னா கேப்பாங்களா?"

அப்போது சிரித்துவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, நம் தொழிலில் கேட்கத் தகுந்த கேள்வி அது ஒன்றுதான் என்று.

அந்தப் படத்தை அனுப்பிய ஜமால் அங்கிள் கீழக்கரைக்காரர். பல வருஷம் இதே சான் ஹோசேயில் சாஃப்ட்வேர் வேலை பார்த்தவர். லே-ஆஃப் வந்ததும், மறுபடி ரெஸ்யூமே தட்டிக்கொண்டு உட்கார மனம் வராமல், வீட்டை விற்றுவிட்டு மனைவி பரீதா ஆண்ட்டியோடு சியரா மலைக்குப் போய் ஒரு பழைய லாட்ஜை வாங்கினார். ஆழமான பள்ளத்தாக்கு, நடுவில் ஆறு, இருபுறமும் பைன் காடு. இந்தக் கரையில் நெடுஞ்சாலை, அந்தக் கரையில் லாட்ஜ். நடுவே ஒரு மரப்பாலம். லாங் வீக்கெண்ட் வந்தால் சான் ஹோசேயைச் சுற்றியுள்ள பே ஏரியாத் தமிழ்க் குடும்பங்களில் பாதி அங்கேதான் இருக்கும். மலைக்காட்டுக்கு நடுவே ஹலால் பிரியாணியும் காலையில் இடியாப்பமும் வேறு எங்கே கிடைக்கும்?

ஒரு கோடையில் காட்டுத்தீ அந்தப் பள்ளத்தாக்கு வழியாக இறங்கியது. கேபின்கள் எல்லாம் போயின. பாலமும் எரிந்தது. அதே கரையில், ஆற்றின் மேல்பக்கம், வளைவைத் தாண்டித் தனியாக நின்ற ஒரே ஒரு கேபின் மட்டும் கருகக்கூட இல்லை. இருவரும் அதில் குடியேறினார்கள். "இந்த ஒண்ண மட்டும் ஆண்டவன் எங்களுக்குன்னு விட்டு வச்சான் தம்பி," என்று ஆண்ட்டி பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்வார்.

லாட்ஜைத் திரும்பக் கட்ட வேண்டுமென்றால் மரமும் சிமென்ட்டும் மறுகரைக்குப் போக வேண்டும். அதற்குப் பாலம் வேண்டும். பழையதைப் போல லேசான மரப்பாலம் போதாது, தீயணைப்பு வண்டி போகிற கனத்துக்கு இரும்புப் பாலம்தான் என்று கவுண்டி நிர்வாகம் சொல்லிவிட்டது. அதுவரை ஆற்றில் குழாய்களைப் போட்டு, மேலே சரளைக் கல் கொட்டி, ஒரு தற்காலிகப் பாதை. குளிர்காலத்தில் தண்ணீர் ஏறும் முன் அதை எடுத்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. அதற்குள் பாலம் வரவில்லையென்றால் இன்னொரு வருஷம் லாட்ஜ் மூடியே கிடக்கும். பேங்க் அந்த இன்னொரு வருஷத்துக்குக் காத்திருக்கத் தயாராக இல்லை.

இதில் நம் கம்பெனிக்குக் கிடைத்தது சின்ன வேலை. துளை போட்டுப் பார்த்து அறிக்கை கொடுத்தது வேறொரு நிறுவனம். இரண்டு கரையிலும் அடியில் பாறை இருக்கிறது என்று முத்திரை குத்தி எழுதிக் கொடுத்திருந்தார்கள். அஸ்திவாரக் குழி தோண்டும் நாளில் ஒருவர் போய், குழிக்குள் தெரிவது அறிக்கையில் சொன்ன பாறைதான் என்று பார்த்துத் தலையாட்டிவிட்டு வர வேண்டும். அந்தத் தலையை ஆட்டப் போனவன் நான்.

இந்தக் கரையில் பிரச்சினை இல்லை. சாலை வெட்டியிருந்த இடத்திலேயே பாறை தெரிந்தது. கருஞ்சாம்பல் நிறம், ரவை போல நெருக்கமான பொடி மணி. மறுகரையில் எக்ஸ்கவேட்டர் இரண்டு ஆள் ஆழம் போனதும் பற்கள் கீச்சென்று உராய்ந்து நின்றன. சேற்றைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார்கள். கீழே ஒரு சாப்பாட்டு மேசை அகலத்துக்குக் கல் தெரிந்தது. கண்ணாடி மாதிரி வழவழப்பு. அதன் மேல் சீப்பால் வாரியது போல இணையிணையாக மெல்லிய கீறல்கள்.

காண்ட்ராக்டர் நல்ல மனிதர், அனுபவசாலி. குழிக்குள் குதித்து அந்தக் கல்லைத் தட்டிக்கொடுத்தார். "பார், பனியாறு பாலிஷ் போட்டுக் கொடுத்திருக்கிறது. இதைவிட என்ன வேண்டும்? நாளைக் காலையில் கான்கிரீட் வண்டி வருகிறது," என்றார்.

அவர் சொன்னதில் ஒரு பாதி முழுக்க உண்மை. அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு காலத்தில் பனியாறு இருந்தது. மலை உயரத்துக்குப் பனி சேர்ந்து, சொந்தக் கனத்திலேயே மெல்ல நகர்ந்து, அடியில் மாட்டிய கற்களைக் கொண்டு தரையைத் தேய்த்துக்கொண்டே இறங்கியது. தேய்த்த இடம் பாலிஷ் ஆகும், கூரான கல் பட்ட இடம் கீறலாகும். கையில் அறிக்கை, கண்ணெதிரே பாலிஷ், மேலே ஜமால் அங்கிள் நின்றுகொண்டு "என்ன தம்பி, ஓகேவா?" என்று கேட்கிறார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் முதலில் எழுதப் படிக்கக் கற்றவன் நான். எனக்கு முன்னால் எல்லோரும் கைநாட்டு. அச்சடித்த எதையும் எங்கள் வீட்டில் யாரும் சந்தேகப்பட்டதில்லை. "அதுல அப்படித்தான் போட்டிருக்கு" என்றால் பேச்சு அதோடு முடிந்தது. என்னைப் படிக்க வைத்ததே அப்படிப் போட்டிருப்பது என்னவென்று தெரிந்துகொள்ளத்தான். ஆகவே முத்திரை குத்திய அறிக்கையைப் பார்த்தால் எனக்கு உள்ளூர ஒரு மரியாதை வந்துவிடும். உங்களில் சிலருக்கும் இருக்கும், வேறு காரணங்களால். மரியாதை இருக்கட்டும். அறிக்கையை வண்டியில் வைத்துவிட்டுக் குழியில் இறங்குங்கள்.

நான் செய்தது சின்ன விஷயம். கீறல் தெரிகிற இடத்தில் சுத்தியலை வைத்து, பிடியைக் கீறலோடு கீறலாகப் பொருத்தி, பிடி எந்தப் பக்கம் காட்டுகிறது என்று பார்ப்பது நம் வழக்கம். பனி எந்தத் திசையில் போனது என்பதை அது சொல்லிவிடும். வைத்துப் பார்த்தேன். பிடி பள்ளத்தாக்கின் கீழ்ப்பக்கத்தையும் காட்டவில்லை, மேல்பக்கத்தையும் காட்டவில்லை. ஆற்றுக்குக் குறுக்கே, எதிர்மலையின் சுவரைக் காட்டியது.

பனியாறு பள்ளத்தாக்கின் நீளவாக்கில்தான் போகும். குறுக்கே போய்ச் சுவரில் முட்டாது. பனி திரும்பியிருக்க முடியாதென்றால் கல்தான் திரும்பியிருக்க வேண்டும். மலையோடு ஒட்டிய பாறை திரும்பாது.

குனிந்து மறுபடி பார்த்தேன். கல்லுக்குள் விரல் நகம் அளவுக்கு வெள்ளைப் படிகங்கள். எதிர்க்கரையின் பொடி மணிப் பாறையில் அப்படி ஒன்றுகூட இல்லை. இது இந்த ஊர்க் கல்லே இல்லை. மேலே எங்கிருந்தோ பனி தூக்கிக்கொண்டு வந்து போட்டது.

"ஒரு வேண்டுகோள். இந்தக் கல்லுக்குப் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் ஆழமாகத் தோண்ட முடியுமா?" என்றேன்.

காண்ட்ராக்டர் என்னைப் பார்த்த பார்வையை நீங்களும் ஒரு நாள் வாங்குவீர்கள். ஆபரேட்டருக்குக் கைகாட்டினார். தோண்டத் தோண்டக் கல்லின் பக்கவாட்டு உருண்டு உள்ளே போனது. அதன் வயிற்றுக்குக் கீழே மணலும் சரளையும். இன்னும் கீழே பழுப்பேறிய ஒரு அடுக்கு. அதில் தேங்காய் அளவுக் கல் ஒன்றை எடுத்து அழுத்தினேன். ரஸ்க் மாதிரி என் கையிலேயே பொடிந்தது. அத்தனை காலம் மண்ணுக்குள் கிடந்து மக்கிப்போன கிரானைட்.

ஒரு பனியாறு வந்து, கொட்டிவிட்டுப் போய், அது மக்கும் அளவுக்குக் காலம் ஓடி, பிறகு இன்னொரு பனியாறு வந்து அதன் தலையில் புதிதாகக் கொட்டிவிட்டுப் போயிருக்கிறது. லாட்ஜ் நின்ற மேடு முழுவதும் அப்படி இரண்டு தவணையாக வந்த குப்பை. அதில் வீடு நிற்கும். வெள்ளம் வந்து கரையை அரிக்கிற இடத்தில் தீயணைப்பு வண்டி போகிற பாலம் நிற்காது. மலையில் மரமெல்லாம் எரிந்திருந்ததால் வெள்ளம் முன்பைவிட வேகமாக வரும் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

வேலையை நிறுத்தச் சொன்னேன்.

ஜமால் அங்கிள் குழியின் விளிம்பிலிருந்து, "என்ன தம்பி, பாறைதானே அது?" என்றார்.

"பாறை இல்ல அங்கிள். கல்லு. மேலருந்து வந்தது."

"வந்ததுன்னா? நம்மள மாதிரி விசா அடிச்சிட்டு வந்துச்சா? எப்ப வந்தா என்ன, இப்ப செட்டில் ஆயிடுச்சில்ல?"

காண்ட்ராக்டருக்கு எங்கள் பேச்சு புரியாது. இருந்தாலும் அங்கிளின் முகத்தைப் பார்த்து அவரும் சிரிக்கப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கிளுக்கும் அது ரொம்ப நேரம் நிலைக்கவில்லை. "பழைய பாலம் இங்கதானே நின்னுச்சு? ஒண்ணும் ஆகலையே? தம்பி, நீங்க யார் பக்கம்?"

நெடுஞ்சாலை ஓரம் கொஞ்சம் சிக்னல் கிடைக்கும். அங்கே போய் எங்கள் மேலாளரைக் கூப்பிட்டேன். யாழ்ப்பாணத்துக்காரர், அலுவலகத்தில் எல்லோருக்கும் அக்கா. சான் ஹோசேக்குப் பக்கத்தில், லிவர்மோர் மேட்டுச் சாலை டிராஃபிக்கில் நின்றுகொண்டிருந்தார். நான் மூச்சுவிடாமல் கீறல், படிகம், இரண்டு பனியாறு என்று கொட்டினேன். கடைசி வரை கேட்டார்.

"தம்பி, நீர் கண்டது எது, நினைக்கிறது எது? ரெண்டையும் பிரிச்சுச் சொல்லும்."

"கல்லுக்கு அடில மணல் இருக்கு. அது கண்டது. ரெண்டு தடவ பனி வந்திருக்கும்கிறது நினைக்கறது."

"அப்ப மணலை மட்டும் காண்ட்ராக்டருக்குச் சொல்லும். அது போதும் வேலையை நிப்பாட்ட. மற்றதை நாளைக்கு நான் வந்து பாக்கிறன். இன்னொண்டு. அந்த மனிசனுக்கு இல்லை எண்டு சொல்லிப்போட்டு வாகனத்தில ஏறி ஓடி வந்திடாதேயும். அங்கயே நில்லும். இல்லை எண்டு சொன்னவன் அடுத்ததையும் தேட வேணும்."

கான்கிரீட் வண்டியை ரத்து செய்ததும் காண்ட்ராக்டர் ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். நானும் அங்கிளும் ஆற்றோரமாக மேலே நடந்து அந்த எரியாத கேபினுக்குப் போனோம். வெயில் இன்னும் இருந்தது. பரீதா ஆண்ட்டி வாசலில் பைன் ஊசிகளைப் பெருக்கிக்கொண்டிருந்தார். எங்கள் முகத்தைப் பார்த்ததும் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே போய் டீ போட்டார். கூடவே ஒரு தட்டில் கீழக்கரை இனிப்பு, தொதல்.

"சாப்பிடுங்க தம்பி. கெட்ட சேதின்னா வயிறு காலியா இருக்கப்ப சொல்லக்கூடாது."

"இவருகிட்ட ஏன் சேதி கேக்குற? பாலத்த நிறுத்திட்டாரு," என்றார் அங்கிள். "ஐஸ் தள்ளிட்டு வந்த கல்லாம். சயின்ஸ் பேசுறாரு."

"ஐஸ் எப்படிங்க கல்லத் தள்ளும்?" ஆண்ட்டி என்னைத்தான் கேட்டார். கிண்டல் இல்லை, தெரிந்துகொள்ளக் கேட்டார்.

எனக்குத் தெரிந்த சொற்களெல்லாம் கல்லூரிச் சொற்கள். சொல்லிப் பார்த்தேன். அவர் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. அப்போதுதான் தோன்றியது. "ஆண்ட்டி, இங்க பனி பெஞ்சா ரோட்ல ஸ்னோ ப்ளோ வரும்ல? முன்னாடி பெரிய தகடு வச்ச வண்டி?"

"ஆமா. நம்ம டிரைவ்வேய மறிச்சு மலை மாதிரி குமிச்சிட்டுப் போவானே!"

"அதேதான். இந்தப் பள்ளத்தாக்கு முழுக்க ஒரு ப்ளோ வந்த மாதிரி நினைச்சுக்கோங்க. மண்ணு, கல்லு, மரம் எல்லாத்தையும் தள்ளிட்டு வந்து, நின்ன இடத்துல குமிச்சிட்டு, உருகிப் போயிடுச்சு. லாட்ஜ் இருந்த மேடு அந்தக் குமியல். அதுக்குள்ள கெடக்கிற கல்லத்தான் பாறைன்னு நினைச்சிட்டாங்க."

ஆண்ட்டி டீயை ஒரு வாய் குடித்தார். "சரி. குமிச்ச இடம் அது. அப்ப ப்ளோ வழிச்சிட்டு வந்த ரோடு எங்க?"

நான் தட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

அன்று முழுக்கக் குவியலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஏமாற்றுகிறது என்று கண்டுபிடித்த பெருமையில் இருந்தேன். வழித்தெடுத்த இடம் என்று ஒன்று இருக்க வேண்டுமே என்று எனக்குத் தோன்றவில்லை. பனி கொட்டிய இடத்தில் பாறை ஆழத்தில் இருக்கும். பனி வழித்த இடத்தில் பாறை மேலேயே இருக்கும். மண் இருக்காது. மண் இல்லையென்றால் மரம் இருக்காது. மரம் இல்லையென்றால்...

வாசலைப் பார்த்தேன். சுற்றிலும் கருகிய மரங்கள். கேபினைச் சுற்றி மட்டும் ஒரு பெரிய முற்றம் அளவுக்கு ஒன்றுமே இல்லை. வெறும் கல்தரை. தீ அங்கே வரை வந்து, தின்ன ஒன்றும் கிடைக்காமல் திரும்பியிருக்கிறது.

வெளியே போய் மண்டியிட்டேன். ஆண்ட்டி பெருக்கி வைத்திருந்த தரை. கருஞ்சாம்பல் நிறம், நெருக்கமான பொடி மணி, எதிர்க்கரையில் இருந்த அதே பாறை. மேலே பாலிஷ். பாலிஷில் கீறல்கள். சுத்தியல் பிடியைப் பொருத்தினேன். பள்ளத்தாக்கின் கீழ்ப்பக்கத்தைக் காட்டியது. பத்தடி தள்ளி வைத்தேன், அதே திசை. ஆற்றின் விளிம்பு வரை போய் வைத்தேன், அதே திசை. அங்கே ஆறு குறுகி, இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தது. எதிர்ப்புறம் பாறைக்கு மேலேயே நெடுஞ்சாலையில் வண்டி நிறுத்தும் இடம்.

ஆண்ட்டி என் பின்னாலேயே வந்திருந்தார். "இந்தக் கோடெல்லாமா? பழைய ஓனர் டிராக்டர் ஓட்டினதுன்னு நினைச்சேன். தண்ணி ஊத்திக் கழுவுனா இதுக்குள்ளயே நேரா ஓடும்."

"டிராக்டர் இல்ல ஆண்ட்டி. ப்ளோ."

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. பின்னால் வந்து நின்ற அங்கிளுக்கும் புரிந்தது, அவர் முகம்தான் முதலில் மலர்ந்தது. "அப்ப பாலம் இங்க வரலாமா? தோண்டவே வேணாமா?"

"எங்க மேனேஜர் அக்கா வந்து பாக்கணும். டிரில் போட்டு உறுதி பண்ணணும். ஆனா வரலாம்னு நினைக்கிறேன்."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று சொல்லிவிட்டு, கையைக் காற்றில் நீட்டி நெடுஞ்சாலையிலிருந்து ஆற்றைத் தாண்டி ஒரு கோடு போட்டுப் பார்த்தார். கை கேபினின் சமையலறை ஜன்னலில் வந்து முட்டி நின்றது. மெதுவாகக் கையை இறக்கினார்.

பாலம் இறங்கக்கூடிய அகலம் அந்தப் பாறையில் ஒரே இடத்தில்தான் இருந்தது. கேபின் நின்ற இடம் அது.

அன்று அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. மறுநாள் காலையில் அக்கா வந்தார். பாறையில் என்னைவிட அதிக நேரம் நடந்தார். பிறகு குழிக்குப் போய், மக்கிய கல்லை உடைத்துப் பார்த்தார். திரும்பி வந்து, "நீர் நினைச்சதும் சரிதான்," என்று எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார். மற்றதையும் என்னையே சொல்லச் சொன்னார். "வீட்டில டீ குடிச்சது நீர்தானே."

வரைபடம் எதுவும் போட்டுக்கொண்டு போகவில்லை. ஆண்ட்டி சமையலறையில் நின்றுகொண்டிருந்தார். நேராகச் சொன்னேன். "ஆண்ட்டி, பாலம் நிக்கிற இடம் இந்த வீடு. வேற இடம் தேடிப் பாத்துட்டோம். இந்தக் கேபின எடுத்தாத்தான் பாலம் வரும்."

அவர் அடுப்பை அணைத்தார். "எல்லாம் எரிஞ்சு இது ஒண்ணுதான் மிஞ்சுச்சு. இதையும் எடுக்கச் சொல்றீங்க."

"ஆமா ஆண்ட்டி."

"நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தேன், ஆண்டவன் விட்டு வச்சான்னு. நீங்க என்னடான்னா ஐஸ் வழிச்ச இடம், மரம் இல்ல, அதான் எரியலங்கறீங்க."

இதற்கு என்ன பதில் சொல்வது என்று எந்த வகுப்பிலும் சொல்லித்தரவில்லை. அவர் பக்கத்தில் போய் நின்றேன். சில நேரம் அதுவும் வேலையில் சேர்த்திதான்.

அவர் ஜன்னல் வழியாக வெளியே, அந்தக் கீறல் விழுந்த தரையைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "ஐஸ அனுப்புனதும் அவன்தானே தம்பி."

அங்கிள் வாசலிலிருந்து, "பரீதா, நீ வேணாம்னு சொன்னா வேணாம். பேங்க்க நான் பாத்துக்கறேன்," என்றார். குரல் அவர் சொன்னதை நம்பவில்லை.

"நீங்க பாத்துக்கிட்டது போதும். பாலம் வரட்டும்." ஆண்ட்டி என்னிடம் திரும்பினார். "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்தக் குமியல் மேல பாலம் நிக்காதுன்னீங்க. வீடு நிக்குமா?"

அக்கா பின்னாலிருந்து பதில் சொன்னார்: "கரையை விட்டுத் தள்ளி, மேட்டின்ர முதுகில வச்சால் வடிவா நிக்கும். மரவீடுதானே, பெரிய பாரம் இல்லை. கழட்டாமல் அப்பிடியே இழுத்துக்கொண்டு போகலாம்."

"அப்ப இழுங்க," என்றார் ஆண்ட்டி. "ஐஸ் மட்டும்தான் இழுக்குமா?"

பிறகு நடந்தது எல்லாம் வழக்கமான வேலை; அதை நீங்கள் ஃபைலில் படித்துக்கொள்ளலாம். துளை போட்டோம், எவ்வளவு ஆழம் போனாலும் அதே பாறைதான் வந்தது. கவுண்டி அதிகாரி ஒருவர் சிடுசிடுவென்று வந்து, பாறை மேல் நடந்துவிட்டு, சிரித்துக்கொண்டே போனார். ஆழக் குழி தேவைப்படாததால் இழந்த நாட்களைப் பெரும்பாலும் பிடித்துவிட்டோம். ஆனால் முழுக்க அல்ல. தற்காலிகப் பாதையை எடுத்த பிறகும் பாலம் வரவில்லை. சில வாரங்கள் இருவரும் கீழே இருந்த சிற்றூரில் ஒரு மோட்டலில் தங்கினார்கள். லாட்ஜ் வைத்திருப்பவர் மோட்டலில் அறை எடுத்ததைப் பற்றி அங்கிள் இன்றும் புலம்புவார். கிரேன் பாலத்தைத் தூக்கி வைத்த அன்று அந்த வருஷத்தின் முதல் பனி தூவியது. காண்ட்ராக்டர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அவரிடமிருந்து அது பெரிய பாராட்டு.

அடுத்த கோடையில் நான் வேலைக்காக அல்லாமல் ஒரு விருந்தாளியாகப் போனேன். மேட்டின் முதுகில் பழைய கேபின், பக்கத்தில் புது மர வாசனையோடு மூன்று கேபின்கள். பாலத்தின் முனையில், மிச்சமிருந்த பாறைத் தரையில் ஆண்ட்டி பைன் ஊசிகளைப் பெருக்கிக்கொண்டிருந்தார். ஃப்ரீமான்ட்டிலிருந்து வந்திருந்த ஒரு சின்னப் பெண், "ஆண்ட்டி, வாட் ஆர் தீஸ் லைன்ஸ்?" என்று கேட்டாள். ஆண்ட்டி துடைப்பத்தைத் திருப்பி, கட்டையைக் கீறலோடு கீறலாக வைத்து, மேலே மலையைக் காட்டி, "ஐஸ் அங்கருந்து வந்துச்சு மா. ஸ்னோ ப்ளோ தெரியும்ல?" என்று ஆரம்பித்தார். நான் அதைவிட நன்றாகச் சொன்னதில்லை.

படம் அதற்குப் பிறகு வந்தது. போன குளிர்காலத்தில் மழை விடாமல் அடித்து, ஆறு கரை ஏறியது. பள்ளத்தாக்கில் நான்கு நாள் ஃபோன் இல்லை. ஐந்தாம் நாள் அங்கிளிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ. நாங்கள் குழி தோண்டிவிட்டு மூடிய கரையே அங்கே இல்லை. ஆறு கடித்துக்கொண்டு போயிருந்தது. சாப்பாட்டு மேசை அகலத்துக்குத் தெரிந்த அந்தக் கல், முழு உருவத்தோடு, ஒரு வேன் அளவுக்கு, ஆற்றின் நடுவே கிடந்தது. கீறல் விழுந்த முகம் இப்போது வானத்தைப் பார்த்துக்கூட இல்லை, கீழ்நோக்கிச் சரிந்திருந்தது.

கீழே எழுதியிருந்தார்: "தம்பி, உங்க கல்லு மறுபடி கிளம்பிடுச்சு. பாலம் நிக்குது. தீ வண்டி நேத்துதான் அது மேல போய் வெள்ளத்துல மாட்டின ரெண்டு குடும்பத்தக் கூட்டிட்டு வந்துச்சு. பரீதா தொதல் கிண்டி வச்சிருக்கா, எப்ப வரீங்க?"

அம்மாவுக்கு அந்தப் படத்தை அனுப்பி, நடந்ததைச் சொன்னேன். "கேட்டாங்களாப்பா?" என்றாள். "கேட்டாங்கம்மா," என்றேன்.

அந்த லாட்ஜில் இன்னும் ஒரு கேபின் கட்டுகிறார்கள். இடம் பார்க்க வசந்தத்தில் உங்களில் ஒருவர் போக வேண்டியிருக்கும். மேசை உங்களுடையது. படத்தைச் சுவரிலேயே விட்டுவிட்டுப் போகிறேன். சுத்தியலும் இழுப்பறையில் இருக்கிறது. பிடி கொஞ்சம் தேய்ந்திருக்கும். ஆனால் நேராக இருக்கிறது, வைத்துப் பார்க்க அது போதும்.